அம்மாவுக்கு மெட்டல் வால்வு, ஐஎன்ஆர் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது: அசிட்ரோம விட்டுட்டு புது மாத்திரைக்கு மாறலாமா?

மேலூர்_மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 47 வயசு. சின்ன வயசுல மூட்டு வீங்கி காய்ச்சல் வந்து அதுல இதய வால்வு கெட்டுப்போச்சு, 2014ல முதல்வர் காப்பீட்டு அட்டைல ஆபரேஷன் பண்ணி மைட்ரல் வால்வ எடுத்துட்டு மெட்டல் வால்வு வச்சாங்க. ராத்திரி பக்கத்துல படுத்தா அந்த டிக் டிக் சத்தம் நல்லாவே கேக்கும், இப்ப எங்களுக்கு அது பழகிருச்சு. அப்ப இருந்து ரத்தம் கட்டாம இருக்க அசிட்ரோம் மாத்திரை தான் ஓடுது, ஒரு நாள் 2 மில்லிகிராம் மறுநாள் 3 மில்லிகிராம்.

பிரச்சினை என்னன்னா இந்த வருசம் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு காட்டுற அளவு, கூடுனா ரத்தக்கசிவு, கொறஞ்சா ரத்தக் கட்டி) தாறுமாறா ஆடுது. ஜூன்ல 2.8, ஜூலைல 5.2, அதுக்கப்புறம் 1.4, இப்ப 2.1. டாக்டர் 2.5ல இருந்து 3.5க்குள்ள இருக்கணும்னு சொல்லிருக்காரு. அம்மா பாவம் கீரைங்கிறதையே வருசக்கணக்கா தொடுறதில்ல, இதுக்கு மேல என்ன பத்தியம் இருக்குன்னு தெரியல. சித்தப்பா பையன் சென்னைல இருந்து போன் பண்ணி இப்ப புது மாத்திரை எல்லாம் வந்துருச்சு, ரத்த டெஸ்ட்டே வேணாம், எதுக்கு இன்னும் பழச கட்டிக்கிட்டு அழுறீங்கன்னு கேக்குறான். நெஜமாவே மாறலாமா? யாராவது மாறிருக்கீங்களா?

அறந்தாங்கி_ராஜா:
தாராளமா மாறலாம் தங்கச்சி. எங்கப்பாவுக்கு 74 வயசு, ஹார்ட் பீட் ஒழுங்கில்லாம அடிக்கிது, ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன்னு சொன்னாங்க. முதல்ல அசிட்ரோம் மாதிரியே ரத்தம் கட்டாம இருக்குற வார்ஃபரின் குடுத்தாங்க, பட்டுக்கோட்டைக்கும் தஞ்சாவூருக்கும் ரத்தம் குடுக்க அலைஞ்சே ஓஞ்சு போயிட்டோம். இப்ப அபிக்சபான் காலைல ஒன்னு ராத்திரி ஒன்னு. டெஸ்ட் இல்ல, கீரை சாப்பிடுறாரு, மனுசன் நிம்மதியா இருக்காரு. முன்னாடி வெல கூட, இப்ப நம்ம ஊரு கம்பெனிங்களே போடுறதால நல்லா கொறஞ்சிருச்சு. டாக்டர்ட்ட தைரியமா கேளுங்க.

வார்டு_சிஸ்டர்_கோவை:
ராஜா அண்ணா, உங்க அப்பா கேஸ் வேற, இந்த அம்மா கேஸ் வேற. தயவுசெஞ்சு யாரும் இதப் படிச்சிட்டு மாத்திரைய மாத்திராதீங்க.

மேலூர் தங்கச்சி, மெட்டல் வால்வு இருக்கவங்களுக்கு அந்தப் புது மாத்திரை எதுவுமே கிடையாது. டபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான், எடாக்சபான் எதுவும் கூடாது. நான் கார்டியாக் வார்டுல இருக்கேன், யாரோ சொன்னாங்கன்னு மாத்திரைய மாத்தி வால்வுல ரத்தக் கட்டி ஏறி மூச்சு வாங்க வந்த ஆளுங்கள பாத்திருக்கேன். அந்த டிக் டிக் சத்தம் மங்கிப் போய் வருவாங்க, எக்கோல பாத்தா வால்வு இலை பாதி தான் அசையும். அது வேணாம்மா.

எனக்கு ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஜூலைல 5.2 வந்துச்சே, அதுக்கு முன்னாடி வாரம் வேற ஏதாவது மாத்திரை, ஊசி, காய்ச்சல், வயித்துப்போக்கு? அப்புறம் 5.2ல இருந்து 1.4க்கு எப்படி வந்துச்சு, யாரு என்ன பண்ணச் சொன்னாங்க?

மேலூர்_மகள்:
சிஸ்டர், நல்ல வேளை கேட்டேன். ஜூலைல அம்மாவுக்கு வயிறு சரியில்ல, ரெண்டு மூணு நாள் பேதி. அப்பா மெடிக்கல்ல சொல்லி மாத்திரை வாங்கிட்டு வந்தாரு. அட்டைய இப்பத் தான் தேடி எடுத்துப் பாத்தேன், மெட்ரோனிடசோல் 400ன்னு போட்டுருக்கு. அத முடிச்ச வாரம் தான் ஐஎன்ஆர் 5.2. ரத்தக்கசிவு ஒன்னும் இல்ல, பல்லு தேய்க்கிறப்ப மட்டும் கொஞ்சம். பக்கத்துல இருந்த ஒரு கிளினிக்ல ரிப்போர்ட்ட காட்டுனோம், பயந்துட்டு அசிட்ரோம மொத்தமா நிறுத்துங்க, ஒரு வாரம் கழிச்சு பாப்போம்னாங்க. ஒரு வாரம் கழிச்சு பாத்தா 1.4.

டாக்டர்_மதுரை_மெடிசின்:
வணக்கம். நான் பொது மருத்துவம். ஒருத்தர நேர்ல பாக்காம டோஸ் சொல்லக் கூடாது, அதனால டோஸ் சொல்ல மாட்டேன், ஆனா நடந்தது என்னன்னு சொல்ல முடியும்.

உங்க அம்மா பத்தியத்துல ஒரு தப்பும் இல்ல. மெட்ரோனிடசோல் தான் காரணமா இருக்கணும், கூடவே பேதியும். வார்ஃபரின், அசிட்ரோம் ரெண்டையும் ஈரல் தான் உடைச்சு வெளிய அனுப்புது, மெட்ரோனிடசோல் அந்த வேலைய தடுத்துரும், அதனால அதே 2, 3 மில்லிகிராம் போட்டாலும் உடம்புல மருந்து கூடிரும். கிருமிக்கு குடுக்குற கோட்ரைமாக்சசோல், பூஞ்சைக்கு குடுக்குற ஃப்ளூகோனசோல், இதயத்துக்கு குடுக்குற அமியோடரோன் எல்லாம் இதே மாதிரி ஏத்தும். நேர் எதிரா டிபிக்கு குடுக்குற ரிஃபாம்பிசின், வலிப்புக்கு குடுக்குற கார்பமசெபின் எல்லாம் ஐஎன்ஆர கீழ இழுத்துரும், டிபி மருந்து ஆரம்பிச்சா அசிட்ரோம் டோஸ் பல மடங்கு கூட ஏத்த வேண்டி வரும், டிபி மருந்து முடிஞ்சதும் அத ஞாபகமா குறைக்கலன்னா அப்ப ரத்தக்கசிவு. நம்ம ஊர்ல டிபி இருக்குற அளவுக்கு இது முக்கியமான விஷயம், ஆனா பலருக்கு யாரும் சொல்றதில்ல.

ரெண்டாவது, 5.2 வந்து ரத்தக்கசிவு இல்லன்னா பொதுவா ஒரு வேள டோஸ விட்டுட்டு, காரணத்த சரி பண்ணிட்டு, சீக்கிரமே மறுபடி ஐஎன்ஆர் பாப்போம். 10க்கு மேல போனா வைட்டமின் கே வாய்வழியா குடுப்போம். மைட்ரல் இடத்துல மெட்டல் வால்வு இருக்க ஒருத்தருக்கு ஒரு வாரம் மருந்த மொத்தமா நிறுத்துறது ரொம்ப ஆபத்து. அசிட்ரோம் வார்ஃபரின விட வேகமா உடம்ப விட்டுப் போயிரும், வார்ஃபரின் ரத்தத்துல பாதியாக ஒன்றரை நாளுக்கு மேல ஆகும், அசிட்ரோமுக்கு 8ல இருந்து 11 மணி நேரம் போதும். நிறுத்துன ரெண்டு மூணு நாள்லயே பாதுகாப்பு போயிருக்கும். நல்லபடியா ஒன்னும் ஆகல, இனிமே யாரு நிறுத்தச் சொன்னாலும் வால்வு பாக்குற டாக்டர்ட்ட ஒரு போன் போட்டுட்டு செய்ங்க.

புது மாத்திரை விஷயம். 2013ல மெட்டல் வால்வு காரங்களுக்கு டபிகாட்ரான் குடுத்துப் பாத்த ஆய்வு வந்துச்சு, பக்கவாதமும் கூட, ரத்தக்கசிவும் கூட, பாதியிலயே நிறுத்திட்டாங்க. அப்புறம் ஒரு குறிப்பிட்ட வகை அயோர்டிக் மெட்டல் வால்வு வச்சவங்களுக்கு அபிக்சபான் குடுத்துப் பாத்தாங்க, அதுவும் 2022ல கட்டி அதிகமா வருதுன்னு நிறுத்திட்டாங்க. அதே 2022ல இன்னொரு பெரிய ஆய்வு, ருமாட்டிக் வால்வு நோயோட (உங்க அம்மாவுக்கு வந்த மாதிரி மூட்டுக் காய்ச்சலால வால்வு கெடுறது) இதயத்துடிப்பு கோளாறும் இருக்க சுமார் 4500 பேர், இந்தியா, ஆப்பிரிக்கா மாதிரி இந்த நோய் இருக்க நாடுகள்ல. வார்ஃபரின் வகை எடுத்தவங்க ரிவராக்சபான் எடுத்தவங்கள விட கம்மியா இறந்தாங்க. புதுசு ஜெயிக்கும்னு தான் நெறைய பேரு நெனச்சோம், அப்படி வரல.

ராஜா சார், உங்க அப்பாவுக்கு வால்வு சுருக்கமும் இல்ல, மெட்டல் வால்வும் இல்ல, அதனால அபிக்சபான் அவருக்கு ரொம்ப சரியான மருந்து, அதுல சந்தேகமே வேணாம். ஆனா டெஸ்ட்டே வேணாம்னு சொல்லாதீங்க. ஐஎன்ஆர் தான் வேணாம், கிட்னிக்கு கிரியாட்டினினும் ஹீமோகுளோபினும் வருசத்துக்கு ஒரு தடவையாவது, வயசானவங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது பாக்கணும்.

அறந்தாங்கி_ராஜா:
டாக்டர் சார் விளக்கத்துக்கு ரொம்ப நன்றி, நான் எல்லாத்தையும் ஒன்னா நெனச்சு சொல்ல வந்தேன். ஒரு சந்தேகம், அப்பாவுக்கு அபிக்சபானோட ஆஸ்பிரின் 75ம் ஓடுது, ரொம்ப வருசத்துக்கு முன்னாடி யாரோ எழுதுனது, அப்பப்ப மூக்குல ரத்தம் வருது. ஸ்டென்ட் எல்லாம் எதுவும் வைக்கல.

டாக்டர்_மதுரை_மெடிசின்:
அந்த ஆஸ்பிரின் இன்னும் தேவையான்னு இந்த வாரமே அவர பாக்குற டாக்டர்ட்ட கேளுங்க சார். ரெண்டும் சேர்ந்தா ரத்தக்கசிவு கூடும், ஸ்டென்ட்டோ மாரடைப்போ இல்லாதவருக்கு பெரும்பாலும் அதுக்கு அவசியம் இருக்காது. பழைய சீட்டுல இருந்து புது சீட்டுக்கு அப்படியே காப்பி ஆகி ஓடிட்டே இருக்கும், நான் அடிக்கடி பாக்குறது. ஆனா நீங்களா நிறுத்தாதீங்க, அபிக்சபான நிறுத்தவே நிறுத்தாதீங்க.

லேப்_குமார்:
லேப் டெக்னீஷியனா ஒரு வார்த்தை. ஐஎன்ஆர் ஆடுறதுக்கு மருந்து மட்டும் காரணம் இல்ல, ரத்தம் எடுக்குற விதமும் காரணம். நீல மூடி ட்யூப்ல தான் எடுக்கணும், அதுல சிட்ரேட் தண்ணி கொஞ்சம் இருக்கும், ரத்தம் சரியா கோடு வரைக்கும் நெறஞ்சிருக்கணும், 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட். நரம்பு கெடைக்கலன்னு பாதி ட்யூப் எடுத்து ஓட்டுனா சிட்ரேட் கூடிப்போய் ஐஎன்ஆர் பொய்யா ஏறிக் காட்டும். நீங்களே பாத்துக்கலாம், ட்யூப் நெறையலன்னா இன்னொரு தடவை எடுங்கன்னு கூச்சப்படாம கேளுங்க.

அப்புறம் ரிப்போர்ட்ல பிடி செகண்ட்னு ஒன்னு இருக்கும், ரத்தம் உறைய எடுத்த நேரம், அது லேபுக்கு லேப் மாறும், ரீஏஜென்ட் வேற வேற. அந்த வித்தியாசத்த சரிக்கட்டத் தான் 1980கள்ல உலக சுகாதார நிறுவனம் ஐஎன்ஆர்ங்கிற கணக்க கொண்டு வந்துச்சு. அதனால நீங்க செகண்ட பாக்க வேணாம், ஐஎன்ஆர் மட்டும் பாருங்க. இருந்தாலும் முடிஞ்ச வரைக்கும் ஒரே லேப்ல எடுங்க, 2.6க்கும் 2.9க்கும் நடுவுல இருக்க வித்தியாசத்துக்கெல்லாம் டோஸ மாத்தி மாத்தி போட்டு குழப்பிக்காதீங்க.

வால்வு_வாசுகி:
மேலூர் தங்கச்சி, எனக்கும் மெட்டல் வால்வு தான், சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் இன்ஸ்டிடியூட்ல கண்டுபிடிச்சு 1990 டிசம்பர்ல முதல் ஆளுக்கு வச்சாங்களே அந்த வால்வு தான், நம்ம நாட்டுலயே செஞ்சது, அதனால தான் எங்கள மாதிரி ஆளுங்களுக்கு கட்டுபடியாச்சு, அது மேல எனக்கு ஒரு தனி மரியாதை.

அம்மாவ கீரை சாப்பிட விடுங்க. இத நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா இந்த பயத்துல எத்தனையோ பொம்பளைங்க ரத்தசோகைல கெடக்குறாங்க. கீரைல வைட்டமின் கே இருக்கு, அது மருந்துக்கு எதிரா வேலை செய்யும், உண்மை. ஆனா பிரச்சினை கீரை இல்ல, கீரை திடீர்னு கூடுறதும் திடீர்னு கொறையறதும். ஆறு மாசம் தொடாம இருந்துட்டு தோட்டத்துல முருங்கை தழைஞ்சிருச்சுன்னு ஒரு வாரம் தெனமும் பொரியல் வச்சா ஐஎன்ஆர் விழும். சுத்தமா சாப்பிடாதவங்களுக்கு இன்னும் மோசம், உடம்புல கே இருப்பே இல்லாததால சின்ன மாத்தத்துக்கே ஆடும். நான் வாரத்துல ரெண்டு நாள், செவ்வாயும் சனியும், ஒரு சின்ன கிண்ணம் கீரை. எந்த கீரையா இருந்தாலும் அதே கிண்ணம். டாக்டர்ட்ட சொல்லி அதுக்கு ஏத்த மாதிரி டோஸ் வச்சிருக்காரு. 

இன்னொன்னு, 1 மில்லிகிராம், 2, 3, 4ன்னு அட்டை வேற வேற வருது. மெடிக்கல்ல 2 இல்லன்னு 1 குடுத்து ரெண்டு போடச் சொல்லுவாங்க, அடுத்த மாசம் 2 வந்துரும், அம்மா பழக்கத்துல ரெண்டு போட்டுருவாங்க. கடையில நின்னே அட்டையப் படிங்க. ஒரு நோட்டு போடுங்க, தேதி, போட்ட டோஸ், ஐஎன்ஆர், புதுசா என்ன மாத்திரை. காலண்டர் தாள்ல எழுதி கிழிச்சிப் போடுற பழக்கம் வேணாம்.

இயற்கை_வழி:
இவ்ளோ வெஷம் எதுக்கு? எலி மருந்துல இருந்து வந்தது தான் இந்த வார்ஃபரின், தெரியுமா எல்லாருக்கும். பூண்டும் இஞ்சியும் ரத்தத்த இயற்கையாவே இளக்கும், மஞ்சள் பால் குடிங்க. என் மாமா எல்லா மாத்திரையும் நிறுத்திட்டாரு, நல்லாத் தான் இருக்காரு.

வார்டு_சிஸ்டர்_கோவை:
ஐயா, உங்க மாமாவுக்கு வால்வு இருக்கா, எதுக்கு மாத்திரை எடுத்தாருன்னு தெரியாம இங்க அப்படிச் சொல்லாதீங்க, இந்த இழைய ஒரு அம்மாவோட பொண்ணு படிச்சிட்டு இருக்கா.

பூண்டு சாப்பாட்டுல சேர்த்துக்கிறதுக்கு யாரும் தடை சொல்லல. பூண்டு மாத்திரை, மஞ்சள் கேப்ஸ்யூல்னு அளவில்லாம எடுத்தா அசிட்ரோமோட சேர்ந்து ரத்தக்கசிவு தான் கூடும். வால்வுல கட்டி வராம காப்பாத்துற அளவு பூண்டுல கெடையவே கெடையாது. எலி மருந்து விஷயம் உண்மை தான், அமெரிக்காவுல கெட்டுப்போன தீவனம் தின்ன மாடுங்க ரத்தம் கொட்டி செத்துச்சு, அதுக்கு காரணம் தேடி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல கார்ல் லிங்க் குழு கண்டுபிடிச்ச பொருள் வழியா வந்தது. முதல்ல எலிக்கு, 1954ல மனுசனுக்கு அனுமதி குடுத்தாங்க, அடுத்த வருசம் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே குடுத்தாங்க. எவ்ளோ குடுக்குறோம், எப்படி அளக்குறோம்ங்கிறதுல தான் இருக்கு எல்லாம்.

தங்கச்சி, நம்ம வீட்டுல நடக்குற இன்னும் ரெண்டு மூணு. உடம்பு வலின்னு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேணாம், காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும், அதுவும் நாலஞ்சு நாளுக்கு மேல தெனமும் முழு அளவு போட்டா ஐஎன்ஆர் ஏறும். மூட்டுக்கு கடுமையா நெடி அடிக்கிற தைலத்த தெனமும் தேச்சா, அதுல இருக்க மீத்தைல் சாலிசிலேட் தோல் வழியாவே உள்ள போய் ஐஎன்ஆர ஏத்தும். காய்ச்சல்னு போனா இடுப்புல ஊசி போடச் சொல்லாதீங்க, சதைக்குள்ள ரத்தம் கட்டி கால் வீங்கி வந்தவங்கள பாத்திருக்கேன். மூட்டுக் காய்ச்சல் திரும்ப வராம இருக்க மூணு வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி ஓடுதுன்னா அத மட்டும் நீங்களா விட்டுறாதீங்க, ஐஎன்ஆர் பாத்துட்டு போடணுமா இல்ல மாத்திரையா மாத்தணுமான்னு டாக்டர் சொல்லட்டும். 

அம்மா வயசுக்கு மாதவிடாய் ஒழுங்கில்லாம அதிகமா போகும், அத வெக்கப்பட்டு சொல்லாம இருப்பாங்க, நீங்க கேளுங்க. மலம் தார் மாதிரி கருப்பா போறது, மூத்திரம் செவக்குறது, காரணமில்லாத கடும் தலைவலி, கீழ விழுந்து தலைல அடி படுறது, இதுல எதுன்னாலும் ராத்திரி ரெண்டு மணின்னாலும் ஆஸ்பத்திரி. வாய் கோணுறது, பேச்சு குழறுறது, ஒரு பக்கம் கை விழுறதும் அப்படித் தான். டெங்கு சீசன்ல காய்ச்சல் வந்தா இந்த மாத்திரை போடுறேன்னு முதல் வார்த்தையா சொல்லணும், ப்ளேட்லெட் எறங்குறப்ப டாக்டர் தெனமும் முடிவெடுக்கணும்.

திருச்சி_திவ்யா:
இடையில கேக்குறதுக்கு மன்னிக்கவும். எங்க அக்காவுக்கு 27 வயசு, மெட்டல் வால்வு, அசிட்ரோம் 3 மில்லிகிராம், கல்யாணம் ஆகி ஒரு வருசம். மாமியார் வீட்டுல குழந்தை எப்பன்னு கேக்குறாங்க. இந்த மாத்திரையோட குழந்தை பெத்துக்கலாமா?

டாக்டர்_மதுரை_மெடிசின்:
பெத்துக்கலாம், ஆனா திட்டம் போட்டு, கர்ப்பம் ஆகுறதுக்கு முன்னாடியே கார்டியாலஜிஸ்ட்டும் மகப்பேறு டாக்டரும் சேர்ந்து பாக்கணும். இந்த மாத்திரை 6வது வாரத்துல இருந்து 12வது வாரம் வரைக்கும் குழந்தையோட மூக்கு, எலும்ப பாதிக்கலாம், அதே நேரம் கர்ப்ப காலத்துல அம்மாவுக்கு கட்டி வர்ற ஆபத்தும் கூடுது. அதனால தான் இது கஷ்டமான முடிவு. வார்ஃபரின் 5 மில்லிகிராமுக்கு கீழ, அசிட்ரோம் 2 மில்லிகிராமுக்கு கீழ போதும்னா குழந்தைக்கு ஆபத்து குறைவு, அதத் தொடர்றதும் ஒரு வழி. அக்காவுக்கு 3ங்கிறதால முதல் மூணு மாசம் ரத்தம் கட்டாம இருக்க போடுற ஹெபாரின் ஊசிக்கு மாத்துறத பத்தி பேசுவாங்க, அது ரத்த அளவு பாத்து டோஸ் மாத்தி போடுற ஊசி, சும்மா ஒரே டோஸ்ல வீட்டுல போட்டுக்கிறது இல்ல. பிரசவத்துக்கு முன்னாடி எல்லாருக்குமே ஹெபாரின் தான். நாள் தள்ளிப் போச்சுன்னா பயந்து மாத்திரைய நிறுத்தாம அன்னைக்கே டெஸ்ட் பண்ணி அன்னைக்கே டாக்டர பாக்கச் சொல்லுங்க. வார்ஃபரின் போட்டுக்கிட்டு தாய்ப்பால் குடுக்கலாம். மாமியார் வீட்டுல அக்காவோட வீட்டுக்காரர் பேசட்டும், இது அக்கா தனியா சொமக்க வேண்டியதில்ல.

மேலூர்_மகள்:
எல்லாருக்கும் கோடி நன்றி. நேத்து அம்மாவ ஆபரேஷன் பண்ண இடத்துக்கே கூட்டிட்டுப் போனோம். எக்கோ எடுத்தாங்க, வால்வு ரெண்டு இலையும் நல்லா தெறந்து மூடுதுன்னு சொன்னாங்க, அப்பத் தான் அப்பாவுக்கு மூச்சே வந்துச்சு. மாத்திரை மாத்த வேணாம்னு சிஸ்டர் சொன்னத அப்படியே சொன்னாரு டாக்டர். டோஸ கொஞ்சம் கூட்டி எழுதிருக்காரு, அஞ்சு நாள் கழிச்சு ஐஎன்ஆர், ரெண்டு தடவை வரிசையா சரியா வந்தா அப்புறம் மாசம் ஒரு தடவை. ஒரு கேள்வி, ஏன் உடனே நாளைக்கே பாக்கக் கூடாது? அம்மா அவசரப்படுறாங்க. அப்புறம் ஒரு கடைவாய்ப்பல் பிடுங்கணும், அதுக்கு மாத்திரைய நிறுத்தணுமா?

டாக்டர்_மதுரை_மெடிசின்:
எக்கோ நல்லா இருக்குறது ரொம்ப சந்தோஷம். மருந்து ரத்தத்துல ஏற்கனவே இருக்க உறைபொருள எடுத்துறாது, ஈரல் புதுசா செய்யிறதத் தான் தடுக்குது, பழசு தானா தீரணும். அதுல ஒன்னு சில மணி நேரத்துல தீரும், இன்னொன்னு தீர ரெண்டு மூணு நாள் ஆகும். அடுப்ப கொறச்சாலும் பாத்திரம் கொஞ்ச நேரம் கொதிக்கிற மாதிரி தான். நாளைக்கே பாத்தா பழைய டோஸோட கணக்கு தான் தெரியும், அத வச்சு மறுபடி மாத்துனா உங்க ஜூலை கதை திரும்ப வரும்.

பல்லுக்கு மாத்திரைய நிறுத்த வேணாம். ஒன்னு ரெண்டு பல்லுன்னா ஐஎன்ஆர் 3.5க்குள்ள இருக்கான்னு முந்தின நாள் பாத்துட்டு, பல் டாக்டர் தையல் போட்டு, ரத்தக்கசிவ நிறுத்துற டிரானெக்சாமிக் அமிலத்துல வாய் கொப்பளிக்க வச்சு பண்ணிருவாரு. காலை நேரத்துல வைங்க, கசிஞ்சா பகல்லயே பாத்துக்கலாம். வால்வு இருக்கதால பல் பிடுங்குறதுக்கு முன்னாடி கிருமித் தொற்று வராம இருக்க ஆன்டிபயாட்டிக் ஒரு டோஸ் குடுக்கணும், அத பல் டாக்டர்ட்ட நீங்களே சொல்லுங்க.

கீழக்கரை_ரஹ்மான்:
அஸ்ஸலாமு அலைக்கும் டாக்டர். வாப்பாவுக்கு அயோர்டிக் மெட்டல் வால்வு, வார்ஃபரின் ராத்திரி 9 மணிக்கு. ரமலான்ல நோன்பு வைக்கணும்னு பிடிவாதமா இருக்காங்க. முடியுமா?

டாக்டர்_மதுரை_மெடிசின்:
வ அலைக்கும் ஸலாம். ஒரு நாளைக்கு ஒரே வேள மாத்திரைங்கிறதால நேரம் பிரச்சினை இல்ல. மத்தபடி இதயம் எப்படி இருக்கு, நீர் மாத்திரை ஓடுதா, கிட்னி எப்படின்னு கார்டியாலஜிஸ்ட் பாத்து சரின்னா வைக்கலாம். நோன்பு மாசத்துல சாப்பாடு தலைகீழா மாறும், தண்ணி கொறையும், அதனால ஆரம்பிக்கிறதுக்கு முந்தின வாரம் ஒரு ஐஎன்ஆர், முதல் பத்துக்குள்ள ஒன்னு, பெருநாள் முடிஞ்சு சாப்பாடு பழையபடி ஆனதும் ஒன்னு எடுத்துருங்க. மாத்திரைய தராவீஹ் தொழுகைக்கு கெளம்புறதுக்கு முன்னாடி போடச் சொல்லுங்க, வந்து போட்டுக்கலாம்னு விட்டா அசதில தூங்கிருவாங்க.